துக்க வீட்டுப் பானகம்

தை பிறந்தா எங்க வீட்டு வாசல்ல பானகப் பந்தல் போட்டாகணும். ஒட்டன்சத்திரம் போற ரோட்டு மேலயே வீடு. பழனிக்கு நடந்து போற சாமிமாருக்கு வெல்லமும் சுக்கும் கரைச்சு ஊத்துறது, நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து என் வேலை. போன வருசம் ஆவணியில எம்மகன் பைக்குல போகையில லாரி மோதிச் செத்துப்போனான். சாவு விழுந்த வீட்டாளுக ஒரு வருசம் மலை ஏறக்கூடாது. தை வந்ததும் கொழுந்தனார் வந்து நின்னாரு. "மதினி, இந்த வருசம் பந்தலும் வேணாம். துக்க வீட்டுத் தண்ணியை மாலை போட்டவுக குடிக்க மாட்டாக."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அம்புட்டு மாசமும் முருகன் படத்துக்கு முன்னால நின்னு நான் வைஞ்ச வசவு ஊருக்கே தெரியும். "வேலைத் தூக்கிட்டு நிக்கிறியே, எதுக்குடா? ஒரு லாரியை நிறுத்த வக்கில்லையா உனக்கு?"ன்னு கேட்டிருக்கேன். ஆனா வெளக்கேத்தாம ஒரு நாளும் இருந்ததில்ல. பந்தலையும் விட்டுட்டா அந்த முருகனுக்கும் எனக்கும் ஒண்ணுமில்லைன்னு ஆயிரும். மகனையும் விட்டுட்டு சாமியையும் விட்டுட்டு நான் எங்க போய் நிக்க?

"குடிக்கிறது அவுக பாடு, ஊத்துறது என் பாடு"ன்னுட்டு, அண்டாவைப் புளி போட்டுத் தேய்க்க உக்காந்துட்டேன்.

ஆனா மறைச்சு ஊத்தக்கூடாதுல்ல. வந்தவுககிட்டயெல்லாம், "சாமி, இது துக்க வீடு. மகன் போய் இன்னும் வருசம் திரும்பல. மனசிருந்தா குடிங்க"ன்னேன். முதல்ல வந்த கூட்டம் கும்பிட்டுட்டு நடையைக் கட்டிருச்சு. அடுத்ததும் அப்படித்தான். உச்சிப்பொழுது வரைக்கும் அண்டா குறையவே இல்ல. கொழுந்தனார் எட்ட நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. அழுகை முட்டிச்சு. அழுதா அவர் சொன்னது சரின்னு ஆயிரும்னு கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

அப்பத்தான் நத்தத்துலேர்ந்து நடந்து வாரேன்னு ஒரு பொம்பள தனியா நொண்டிக்கிட்டு வந்தா. பச்சைச் சேலை, கழுத்துல மாலை, காலெல்லாம் கொப்புளம். அவகிட்டயும் சொன்னேன். சொம்பை வாங்கி மடமடன்னு குடிச்சிட்டு, இன்னொரு சொம்பு கேட்டா.

குடிச்சு முடிச்சு வாயைத் தொடச்சுக்கிட்டு, "உனக்குத்தான் இந்த வருசம் மலை ஏற முடியாதே தாயி. நான் போறேன்ல, அவன்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?"ன்னா.

"இன்னும் கோவமாத்தான் இருக்கேன்னு சொல்லுங்க சாமி"ன்னேன். "பந்தல் போட்டிருக்கேன்னும் சொல்லுங்க."