அத்தைக்குப் பிடித்தது

கருமாதிப் படையலில் இறந்தவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டுமாம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் பகலெல்லாம் தைத்துவிட்டு வந்து, எங்கள் எல்லோருக்கும் ஆக்கிப் போட்ட அத்தையைக் குடும்பத்துக்கே தெய்வம் என்று கொண்டாடியவர்கள் நாங்கள். அந்தத் தெய்வத்துக்கு என்ன பிடிக்கும் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

"பிரியாணிதான். இதுல இன்னா சந்தேகம்?" என்றார், பிரியாணி இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை விடியாத அப்பா. வஞ்சிரம் வறுவல்தான் அக்காவுக்கு உயிர் என்று சப்புக்கொட்டிக்கொண்டே சத்தியம் செய்தார் சித்தப்பா. நான் பால்கோவா என்றேன். பாசத்தில் நான் மட்டும் குறைந்தவனா?

துக்கம் கேட்க வந்திருந்தார், கம்பெனியில் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து தைத்த பாய் வீட்டு அம்மா. அவரிடம் கேட்டோம்.

"கேன்டீன்ல இன்னா போட்டாலும் அக்கா ஆசையா சாப்டும். உப்பு கம்மியா இருந்தாலும் வாயத் தொறக்காது. 'எனக்குன்னு யாரோ ஆக்கிப் போடுறாங்களே, அது போதும்'னு சொல்லும்."

மூன்றையும் சமைத்து இலை நிறைய வைத்தோம். எங்கள் வீட்டில் அத்தைக்கென்று அடுப்பு எரிந்தது அன்றுதான் முதல்முறை. சாப்பிடக் காகம் வந்தது.