ஒரு பல்லுக்கு ஒரு பிடி

திருத்தணியில் எங்கள் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கனத்த அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் கவிழ்த்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அது சீன மல்யுத்தம். குத்து கிடையாது, உதை கிடையாது. எதிராளியின் சட்டையைப் பிடித்துக் காலை வார வேண்டும், அல்லது இடுப்பில் ஏற்றிப் போட வேண்டும். பாதத்தைத் தவிர உடம்பில் வேறு எது தரையில் பட்டாலும் தோல்வி. முருகன் மலையடிவாரத்துக்கு இது எப்படி வந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் எங்கள் பாவா கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார். அவர் சொல்லமாட்டார். நான் சொல்கிறேன். என் பல்லால் வந்தது.

பாவா என்றால் அக்காவின் புருஷன். கல்யாணமாகி எங்கள் வீட்டோடு வந்து தங்கிய மாப்பிள்ளை. எங்கள் அப்பாவை நைனா என்போம். அவர் தறிக்குப் பக்கத்துத் தறியில் உட்கார்ந்து பாவா லுங்கி நெய்தார். வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளைக்கு மரியாதை உண்டு, லீவுதான் கிடையாது. மாமனார் எழுந்தால்தான் மாப்பிள்ளையும் எழலாம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கீழ்த்தாடையில் ஒரு பல் வலித்தது. வலியை அமைதியாகத் தாங்கும் ரகம் இல்லை நான். நான் போட்ட சத்தத்தில் தெருக்கோடித் தறியில் இழை அறுந்தது என்று இன்றைக்கும் சொல்வார்கள். நைனா லுங்கி கொண்டுபோய்ப் போடும் மெட்ராஸ் கடைக்காரர், தங்கள் தெருவில் ஒரு சீனப் பல் டாக்டர் இருப்பதாகவும், அவர் பிடுங்குவதே தெரியாது என்றும் சொல்லியிருந்தார். ஒரு வியாழக்கிழமை பாவா என்னைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினார்.

டாக்டர் சீன மொழியில் பேசுவார், எனக்குப் புரியாது, ஆகவே வாயைத் திறக்க வேண்டியிருக்காது என்று வழியெல்லாம் திட்டம் போட்டிருந்தேன். அவர் என் தாடையைப் பிடித்து, “இன்னா தம்பி, வாயைத் தொற. நான் இன்னா புலியா?” என்றார். கப்பலேறி வந்தது அவருடைய அப்பா. இவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் அந்தத் தெருவில்தான். என் திட்டம் அதோடு முடிந்தது. கண்ணை இறுக்கிக்கொண்டு கத்தினேன். கத்தி முடித்தபோது பல் அவர் கையில் இருந்தது, பஞ்சு என் வாயில் இருந்தது. அது பால் பல், தானாகவே விழுந்திருக்கும் என்று பிற்பாடு தெரிந்தது.

நெசவுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. துணி எங்கே தொங்கினாலும் இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த காரியம். தாலி கட்டுவதற்கு முன்னால் அக்காவின் முகூர்த்தப் புடவையைத் தேய்த்துப் பார்த்தவர் பாவா. டாக்டரின் கதவுக்குப் பின்னால் ஆணியில் இரண்டு முரட்டுச் சட்டைகள் தொங்கின. என்னை நாற்காலியிலேயே விட்டுவிட்டு அவர் கை அங்கே போய்விட்டது.

“இது இன்னா துணிங்க டாக்டர்? நாலு மடிப்பு வெச்சு நெருக்கமா தெச்சிருக்குது. குதிரைக்குப் போடறதா?”

“குஸ்திக்கு. ஒண்ணு என்னுது, ஒண்ணு எங்க அண்ணனுது. அவன் கனடா போயி ஏழு வருசம் ஆச்சு. இழுத்துப் பாரு, கிழியாது.”

பாவா பலங்கொண்ட மட்டும் இழுத்தார். கிழியவில்லை. டாக்டர் அண்ணனுடைய சட்டையை எடுத்து நீட்டி, “போட்டுக்கினு இழு” என்றார்.

அடுத்த அரை மணி நேரத்தில் பாவா நாற்காலிக்கும் கதவுக்கும் நடுவே ஆறு தடவை விழுந்தார். பெரியவர்களுக்குப் பல் வைத்தியம் இப்படித்தான் செய்வார்கள் போலிருக்கிறது என்று நான் பஞ்சைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தேன். ஏழாவது தடவை டாக்டர் விழுந்தார். விழுந்தவர் எழுந்திருக்காமல், படுத்த வாக்கிலேயே கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு அடுத்த வியாழன் மத்தியானமும் வரச் சொன்னார். பையன் பல்லைப் பார்க்க வேண்டுமாம்.

ஊருக்கு வந்ததும் பாவா வாத்தியாராகிவிட்டார். காலையில் தறிநூலை நீளமாக இழுத்துக் கட்டிப் பாவு நீட்டும் எங்கள் தெரு சாயங்காலம் காலியாக இருக்கும். அங்கே மணல் கொட்டினார்கள். அம்மா தையல் மிஷினில் மூன்று ஊசிகளை உடைத்து, பழைய துணியை மடித்து மடித்துச் சட்டைகள் தைத்துக் கொடுத்தாள். சினிமாவில் சீனர்கள் பறந்து பறந்து அடிப்பதைப் பார்த்துவிட்டு ஆறு வாலிபர்கள் சேர்ந்தார்கள். முதல் வாரம் முழுக்கப் பாவா அவர்களுக்கு விழக் கற்றுக்கொடுத்தார். உதை எப்போது என்று தினமும் கேட்டார்கள். இதில் உதையே கிடையாது என்றதும் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். மிச்சம் நான்கு பேரில் பெரிய ஆள் மடப்பள்ளி அண்ணன். மலைக்கோயிலில் தலைமுறையாகச் சமைக்கும் குடும்பம். அண்டா அண்டாவாகப் பொங்கல் கிளறிய கை அது. அவர் சட்டையைப் பிடித்தால் இடுக்கியில் மாட்டிய மாதிரி இருக்கும் என்பார்கள்.

சிக்கல் என்னவென்றால் பாவாவுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பிடி. நான்கு பேரும் அதைக் கற்றுக்கொண்டதும் அதை வைத்தே வாத்தியாரைக் கவிழ்க்க ஆரம்பித்தார்கள். அடுத்த பிடி மெட்ராசில் இருந்தது. ஒரு பல் டாக்டரிடம் போய் விழுந்துவிட்டு வருகிறேன் மாமா என்று எந்த மாப்பிள்ளை லீவு கேட்க முடியும்? மச்சான் பல்லைக் காட்டிவிட்டு வருகிறேன் என்றால் மட்டும் கிடைக்கும். இப்படி ஒரு பல்லுக்கு ஒரு பிடி என்று ஆயிற்று. வியாழக்கிழமை போவோம். நான் கண்ணை மூடிக் கத்துவேன். வாய்க்குள் என்னவோ சில்லென்று படும், கிராம்பு எண்ணெய் எரியும், பஞ்சு வந்து சேரும். கண்ணைத் திறந்தால் டாக்டர் வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, குஸ்திச் சட்டையை எடுத்துக்கொண்டிருப்பார்.

மூன்று பிடி வரைக்கும் போயிற்று. அப்புறம் ஒருநாள் அம்மா என் வாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பல்லெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, வாராவாரம் எதற்கு மெட்ராஸ் என்று கேட்டாள். நைனா தலையாட்டினார். பாவாவின் தறியில் குறுக்கிழை ஓட்டும் நாடா தவறி விழுந்தது.

நான்கு வியாழக்கிழமைகள் போகாமலே கழிந்தன. மூன்று பிடியிலும் மடப்பள்ளி அண்ணன் கைதேர்ந்துவிட்டார். ஒரு சாயங்காலம் பாவாவைக் கவிழ்த்து, கைகொடுத்துத் தூக்கி, முதுகு மணலைத் தட்டிவிட்டபடி, “புதுசா ஒண்ணும் இல்லன்னா சொல்லிடுங்க பாவா. அமாவாசையிலேர்ந்து நானே கத்துக் குடுக்கறேன். நீங்களும் வந்து கத்துக்குங்க” என்றார். அந்த மனுஷனுக்குத் துளிகூடக் கெட்ட எண்ணம் கிடையாது. அதுதான் பாவாவை அதிகம் சுட்டிருக்க வேண்டும். ஊரில் அவரை இன்னார் வீட்டு மாப்பிள்ளை என்று சொல்லாமல் வாத்தியார் என்று சொன்ன ஒரே இடம் அந்த மணல்.

மறுநாளிலிருந்து பாவாவுக்கு என்மேல் பாசம் பொங்கியது. மலையடிவாரக் கடையிலிருந்து கமர்கட்டு வந்தது, தேன் மிட்டாய் வந்தது, கல்கண்டு வந்தது. தின்ற பிறகு வாய் கொப்பளிக்கக் கூடாது, ருசி போய்விடும் என்று புத்திமதியும் வந்தது. காலையில் டார்ச் லைட்டோடு வந்து வாயைத் திறக்கச் சொல்வார். பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவார். நானும் என் அருமை இப்போதாவது தெரிந்ததே என்று இருந்தேன். நான்காம் நாள் அக்காவிடம் அவர் புலம்பியது காதில் விழுந்தது.

“ஒண்ணே ஒண்ணு சொத்தையானா போதும்டி. எம்மாம் கமர்கட்டு துன்னுகினு கீறான்.”

“அது எங்க அம்மா பல்லு. ஆவாது” என்றாள் அக்கா. தம்பியைக் காப்பாற்றும் தொனி அதில் இல்லை. குடும்பப் பெருமைதான் இருந்தது.

டாக்டரின் அப்பாவுக்கு முப்பதுக்கு மேல் பிடி தெரியும் என்று பாவா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நாக்கால் எண்ணிப் பார்த்தேன். என்னிடம் இருந்தவை இருபத்து மூன்று. பொங்கலுக்குக் கரும்பு இருக்கும், கடிக்க ஒன்றும் இருக்காது. என் பல் தீர்ந்ததும் அக்காவுடையதை எடுப்பார்கள். அதுவும் தீர்ந்தால், அக்காவுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்குப் பல் முளைக்கும்வரை காத்திருப்பார்கள். உப்பு, சாம்பல், வேப்பங்குச்சி என்று ஒரு நாளைக்கு மூன்று முறை தேய்த்தேன். ஒளிய இடம் தேடி, நைனா காலைத் தொங்கப்போட்டு நெய்யும் தறிக்குழிக்குள் இறங்கினேன். நல்ல இருட்டு, நல்ல மறைவு. நைனா வந்து உட்கார்ந்து மிதிகட்டையை மிதிக்க ஆரம்பித்த பிறகுதான் அந்த இடத்தில் உள்ள ஒரே குறை தெரிந்தது.

வியாழக்கிழமை காலை. அமாவாசைக்கு மூன்று நாள் இருந்தது. பாவா உள்ளங்கையை விரித்தார். எலுமிச்சை அளவுக்கு ஒரு கமர்கட்டு. மெல்லாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஐந்து நிமிஷம் இருந்தால் இன்னொன்று என்றார். இனி இனிப்பே தொடுவதில்லை என்று தறிக்குழியில் எடுத்த சபதம் எனக்கு ஞாபகம் இருந்தது. கமர்கட்டு அதைவிடப் பக்கத்தில் இருந்தது. வாயில் போட்டதும் பாவா என் தோளை அணைத்து நேராக நைனா முன்னால் நிறுத்தினார்.

“பாருங்க மாமா. வீங்கிகினே போவுது.”

நைனா என் கன்னத்தைப் பார்த்தார். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். மேல் தாடையும் கீழ்த் தாடையும் வெல்லத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. “ம்ங்” என்ற சத்தம்தான் வந்தது.

“பேச்சே வரல. இன்னா பாத்துகினு கீறீங்க, வண்டியைப் புடிங்க” என்றார் நைனா.

அரக்கோணம் தாண்டித்தான் வாய் பிரிந்தது. உடனே அழ ஆரம்பித்தேன். எதிர் சீட்டு அம்மாள், பல்வலி பொல்லாதது என்று பாவாவுக்கு ஆறுதல் சொன்னாள். மணவூரில் வண்டி நின்றதும் கதவுப் பக்கம் பாய்ந்தேன். பின்னாலிருந்து ஒரு கை சட்டையைப் பிடித்தது, ஒரு கால் என் காலை மெதுவாக வாரியது, நான் பழையபடி சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அது மூன்றாவது பிடி.

“பாவா, எனக்குச் சொத்தை இல்ல.”

“ஆங், தெரியும் மச்சான். நீ வாயைத் தொறந்து மட்டும் காட்டு. மத்தது நான் பாத்துக்கறேன்.”

அந்த ‘மத்தது’ என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

டாக்டர் தனியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் சட்டென்று எழுந்தார். இத்தனை வாரம் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. என்னை நாற்காலியில் ஏற்றி, வாய்க்குள் நெடுநேரம் பார்த்தார். பாவா தரையைப் பார்த்துக்கொண்டே பல் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். டாக்டர் அவரைப் பார்த்தார். மறுபடி என் வாயைப் பார்த்தார்.

“ரொம்ப மோசம். பொங்கல் வரைக்கும் வாராவாரம் வியாழக்கெழம வந்தே ஆவணும்.”

அன்று நான் போட்ட சத்தம் மணவூருக்கே கேட்டிருக்கும். பாவாவோ, எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த நாளில்கூட அப்படி மலர்ந்ததில்லை. நான்காவது பிடியை அன்றைக்கே கற்றார். அமாவாசைக்கு முதல் நாள் மடப்பள்ளி அண்ணன் மணலில் மல்லாந்து கிடந்து, “இது இன்னா பாவா, புதுசா கீது?” என்று சந்தோஷமாகக் கேட்டார். பொங்கல் வரை வாராவாரம் போனோம். பிடிகள் சேர்ந்துகொண்டே போயின. பற்கள் குறையவில்லையே என்று எனக்குத் தோன்றவே இல்லை. கண்ணை மூடிக் கத்துகிறவனுக்குக் கணக்குப் பார்க்க ஏது நேரம்?

போன மாதம் ஈறு வீங்கி அரக்கோணத்தில் ஒரு பெண் டாக்டரிடம் போயிருந்தேன். சின்ன வயதில் என் கடைவாய்ப் பற்கள் பட்ட பாட்டை விஸ்தாரமாகச் சொன்னேன். அவள் விளக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “யாரும் கையே வெக்கலையே சார். ஒரு ஓட்டை இல்ல, ஒரு அடைப்பு இல்ல” என்றாள். ஆக, அத்தனை வியாழக்கிழமைகளும் நான் அலறியது ஒரு சின்னக் கண்ணாடிக்கும் கொஞ்சம் கிராம்பு எண்ணெய்க்கும்.

நான்கு வாரம் விட்டு, கன்னத்தில் கமர்கட்டோடு கிளம்பிப் போன அந்த வியாழக்கிழமை மட்டும், ஒரே ஒரு தடவை பயத்தை மீறி அரைக்கண்ணைத் திறந்து பார்த்தேன். டாக்டர் என்மேல் குனிந்திருந்தார். மெட்ராஸ் வெயில் ஜன்னலில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவர் கழுத்தில் வியர்வை ஓடியது. நாங்கள் வருவோம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே அந்தக் கனத்த சட்டை, இடுப்பில் நாடா முடிந்து தயாராக இருந்தது. சீனாக்காரர்களுக்குக் குளிர் தாங்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கண்ணை மறுபடி மூடிக் கத்த ஆரம்பித்தேன்.