விரதம் என்று எழுதிய நாட்கள்

அன்று ஆஸ்பத்திரியில் எடை பார்த்த அறையில் நான் இருந்தேன். என் அக்கா இருந்தாள். அக்காவின் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், கதவோரம் நின்றார். சாப்பாட்டு அளவு சொல்கிற டயட் மேடம் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். ஒரு நர்ஸ் இருந்தார். தரையில் எடை மெஷின் இருந்தது.

பர்ஸ், சாவிக்கொத்து, செல்போன் எல்லாவற்றையும் மாமா கையில் கொடுத்துவிட்டு ஏறினேன். நர்ஸ் குனிந்து பார்த்தார்.

“தொண்ணூத்தி மூணு நானூறு.”

எட்டாவது வாரமாக அதே தொண்ணூற்று மூன்று. கிராம் கொஞ்சம் ஆடும். கிலோ அசையாது.

தொண்ணூறுக்குக் கீழே வந்தால்தான் என் கிட்னி ஒன்றை எடுத்து அக்காவுக்கு வைப்பார்கள். என் உயரத்துக்கு அதுதான் கணக்கு என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அவருடையது ஆகாது. அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. எல்லா டெஸ்டும் பொருந்தி வந்தது எனக்கு மட்டும்தான். எடை ஒன்றுதான் பாக்கி. மூன்றரைக் கிலோ, அவளுக்கும் எனக்கும் குறுக்கே நின்றது.

நான் வீடுகளுக்கு கேஸ் சிலிண்டர் போடுகிறவன். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. இருபத்தாறு வருஷமாக இதே வேலை. முதலில் சைக்கிள், பிறகு லோடு ஆட்டோ. ஆட்டோ வந்த பிறகுதான் உடம்பு வந்தது. கை தூக்கிக்கொண்டே இருந்தது, கால் உட்கார்ந்துவிட்டது. சாப்பாடு மட்டும் சைக்கிள் காலத்துச் சாப்பாடாகவே இருந்தது.

எடை எனக்குப் புதிது இல்லை. சிலிண்டரில் இருக்கிற கேஸ் பதினான்கு கிலோ இருநூறு கிராம். இரும்பின் எடை சிலிண்டருக்குச் சிலிண்டர் மாறும். அந்தக் காலி எடையை மேலேயே எழுதியிருப்பார்கள். யாராவது சந்தேகப்பட்டால் தராசில் தொங்கவிட்டுக் காட்டுவேன். மனுஷனுக்குக் காலி எடை எங்கே எழுதியிருக்கிறது என்று அந்த நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

முதல்முதலில் ஸ்கேன் எடுத்த அன்று எனக்கு நூற்று மூன்று கிலோ தொள்ளாயிரம். வயிற்றில் ஜில்லென்று ஏதோ தடவி, கம்ப்யூட்டரில் காட்டினார்கள். சாம்பல் நிறத்தில் அவரைக்கொட்டை மாதிரி ஒன்று. இந்தப் பக்கம் இன்னொன்று. “ரெண்டும் நல்லா இருக்குங்க” என்றார் ஸ்கேன் எடுத்தவர். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐம்பத்தோரு வருஷம் உள்ளே இருந்திருக்கிறது. ஒரு நாள்கூட நான் அதை நினைத்தது இல்லை. நான் தூங்கும்போதும் அது வேலை செய்திருக்கிறது.

அந்த வேலை எவ்வளவு பெரியது என்று அக்கா படுத்திருந்த இடத்தில்தான் தெரிந்தது. திங்கள், வியாழன் இரண்டு நாளும் அவளுக்கு டயாலிசிஸ். பீரோ அளவுக்கு ஒரு மெஷின். நாலு மணி நேரம். அவள் ரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே போய், இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். ஒரு நாள் நர்ஸிடம் கேட்டுவிட்டு அந்தக் குழாயை விரலால் தொட்டேன்.

“சூடா இருக்குக்கா.”

“பின்ன, என் ரத்தம்தானே” என்றாள், கண்ணைத் திறக்காமல்.

பீரோ அளவு மெஷின் நாலு மணி நேரம் கரண்டில் செய்வதை, என் உள்ளங்கை அளவு சதை சத்தம் இல்லாமல் செய்கிறது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒரு கையால் என் இடுப்பைப் பிடித்தபடியே ஓட்டினேன்.

பிறகு எடையைக் குறைக்க ஆரம்பித்தேன். டயட் மேடம் சொன்னதைச் செய்தேன். பரோட்டாவை விட்டேன். டீயில் சர்க்கரையை விட்டேன். சோறு ஒரு கிண்ணம். நாலு மாசத்தில் பத்துக் கிலோவுக்கு மேல் கரைந்தது. ஆணியைக் காய்ச்சி பெல்ட்டில் இரண்டு ஓட்டை போட்டேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் அப்படியே நின்றது. எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஸ்ரீரங்கத்தில் நான் சிலிண்டர் போடுகிற வீடு ஒன்று மூன்றாம் மாடியில். லிஃப்டில் சிலிண்டர் ஏற்ற விடமாட்டார்கள். அந்த வீட்டு மாமிக்கு என் கதை தெரியும். மாமிதான் சொன்னார்: “ஏகாதசி இருங்கோளேன். உடம்புக்கும் ஆச்சு, வேண்டுதலுக்கும் ஆச்சு.”

அன்றைக்கே கோபுரத்துக்கு முன்னால் ஆட்டோவை நிறுத்தி வேண்டிக்கொண்டேன். அக்காவுக்கு ஆபரேஷன் ஆகிறவரை ஏகாதசி விரதம், சனிக்கிழமை விரதம். அடுத்த வாரமும் எடை குறையவில்லை. அக்கா மெஷினில் படுக்கிற வியாழக்கிழமையையும் சேர்த்தேன். அப்போதும் குறையவில்லை. திங்கட்கிழமையையும் சேர்த்தேன். குறையாத குறைக்கு விரதத்தைக் கூட்டிக்கொண்டே போனேன்.

இப்படித்தான் எட்டாவது வாரம் வந்தது.

டயட் மேடம் என் நோட்டை வாங்கிப் புரட்டினார். சாப்பிடுவதை எல்லாம் எழுதச் சொல்லி அவர் கொடுத்த நோட்டு. ஒரு நாள் தவறாமல் எழுதியிருந்தேன்.

“இது என்னங்கண்ணா, விரதம் விரதம்னு போட்டிருக்கீங்க?”

“விரதங்க.”

“வாரத்துல மூணு நாளா?”

“ஏகாதசி வந்தா நாலுங்க.”

“அன்னிக்கு ஒன்னுமே சாப்பிட மாட்டீங்களா?”

“ஒன்னும் சாப்பிட மாட்டேங்க.”

“வெறும் தண்ணியோடயா?”

“சாயங்காலம் பலகாரம் மட்டும்தாங்க.”

பேனா நின்றது.

“என்ன பலகாரம்?”

சொன்னேன். சனிக்கிழமை அடை, வெல்லம், வெண்ணெய். வியாழக்கிழமை ரவா உப்புமா. திங்கட்கிழமை சேவை, தேங்காய்ப்பால். ஏகாதசிக்கு ஜவ்வரிசிப் பாயசமும் உண்டு. நாள் முழுக்கப் பட்டினி கிடக்கிறேனே என்று என் மனைவி நெய்யைக் கொஞ்சம் கூடவே விடுவாள்.

“உப்புமா எவ்வளவு சாப்பிடுவீங்க?”

“ஒரு தட்டுங்க.”

“எவ்வளவு பெரிய தட்டு?”

கையை விரித்துக் காட்டினேன். நர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சிலிண்டர் அடிப்பக்கம் அளவுக்கு இருக்கும்போலயே மாப்ள” என்றார் மாமா.

“அண்ணா, இதையெல்லாம் ஏன் எழுதல?”

“சாப்பாட்டைத்தானே எழுதச் சொன்னீங்க. இது பலகாரங்க.”

நான் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கம் சாப்பாடு என்றால் சோறு. ராத்திரி ஆறு தோசை தின்றவனைச் சாப்பிட்டாயா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை, டிபன்தான் என்பான். விரதம் என்றால் சோறு தொடக்கூடாது. நான் தொடவில்லை. தொடாததைத்தான் விரதம் என்று எழுதினேன். இத்தனை வாரமாக அந்த ஒரு வார்த்தைக்கு உள்ளே அடையும் நெய்யும் உட்கார்ந்திருந்தது எனக்கே தெரியாது.

அப்போது அக்கா பேசினாள். நோய் வந்த பிறகு அவள் அதிகம் பேசுவதில்லை. எப்போதும் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரைப் பையில் வைத்திருப்பாள். ஒரு நாளைக்கு அவள் குடிக்கக்கூடிய மொத்தத் தண்ணீர் அதில் ஆறு டம்ளர்.

“எனக்கு ரசம் தண்ணிக் கணக்கு. மோரு தண்ணிக் கணக்கு. நாக்கு வறண்டு ஒரு ஐஸ் துண்டைப் போட்டாலும் தண்ணிக் கணக்கு. உனக்கு மட்டும் அடை காத்துக் கணக்காடா?”

மாமா சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

டயட் மேடம் கோபிக்கவில்லை. உடம்பு பத்துக் கிலோ இறங்கிவிட்டால் அதற்குத் தேவைப்படுகிற சாப்பாடும் குறைந்துவிடும், முன்பு குறைத்த அளவே இப்போது எடையை அப்படியே பிடித்து வைக்கும் என்றார். அதற்கு மேல் இந்தப் பலகாரம். இனி எதை வாயில் போட்டாலும் எழுத வேண்டும், நடக்க வேண்டும் என்றார்.

“விரதம் வேணாங்கண்ணா. மூணு வேளையும் அளவா சாப்பிடுங்க. அந்த நாள்லயும் சோறு சாப்பிடுங்க.”

“வேண்டிக்கிட்டதுங்க” என்றேன். அவர் அக்காவைப் பார்த்தார்.

தென்னூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்ரீரங்கத்தில் இருக்கிற வீட்டுக்கு அக்காவை என் ஆட்டோவிலேயே அழைத்துப் போனேன். மாமா பின்னால் வண்டியில் வந்தார். காவிரிப் பாலம் நடுவில் அக்கா, “ஓரமா நிறுத்துடா” என்றாள்.

நிறுத்தினேன். அந்த வருஷம் ஆற்றில் கரைக்குக் கரை தண்ணீர் போனது. அந்தப் பாலத்தை ஒரு நாளைக்கு நாலு தடவை தாண்டுகிறவன் நான். அன்றுதான் பார்த்தேன். செம்மண் நிறத்தில், தூண்களைச் சுற்றிச் சுழித்துக்கொண்டு, வந்துகொண்டே இருந்தது. முடியவே இல்லை. எனக்குப் புல்லரித்தது. அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

“எவ்வளவு தண்ணி” என்றாள். பிறகு, “இதுல எனக்கு ஆறு டம்ளர்.”

என் பக்கம் திரும்பினாள்.

“எனக்காகத்தானே வேண்டிக்கிட்ட?”

“ஆமாக்கா.”

“அப்ப நான் சொல்றேன். விட்டுடு.”

“சாமி குத்தம் ஆயிடும்க்கா.”

“ஆச்சுன்னா என் பேர்ல எழுதிக்கச் சொல்லு. ஏற்கெனவே நிறைய எழுதி வச்சிருக்கார். அதோட இதுவும் இருக்கட்டும்.”

அப்போதும் எனக்கு மனசு ஒப்பவில்லை. மூன்றாம் மாடி மாமியிடம் கேட்டேன். மாமி முழுக்கக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தார்.

“பலகாரம் பெருமாளா கேட்டார்? எங்க வயிறு கேட்டது. எங்க மாமனார் ஏகாதசின்னா ஜலம்கூடத் தொடமாட்டார். அடை, சேவை எல்லாம் நாங்களா பண்ணிண்ட வசதி. அக்கா சொன்னதைக் கேளுங்கோ.”

உள்ளே போய் டம்ளர் நிறைய காபி கொண்டுவந்தவர் பாதி வழியில் நின்றார்.

“இதையும் நோட்டுல எழுதணுமோ?”

“எழுதணுங்க மாமி.”

திரும்பிப் போய்ப் பாதியைக் கொட்டிவிட்டு வந்தார்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் என் மனைவி ஒரு கிண்ணம் சோறும் இரண்டு கிண்ணம் கீரையும் வைத்தாள். கை வைக்கப் பயமாக இருந்தது. ‘சனி. சோறு ஒரு கிண்ணம்’ என்று முதலில் எழுதினேன். எழுதிவிட்டுச் சாப்பிட்டேன். அன்றிலிருந்து எல்லாவற்றையும் எழுதினேன். அரை டம்ளர் காபி. தாளிக்கிற எண்ணெய் இரண்டு ஸ்பூன். கோயிலிலிருந்து யாரோ கொடுத்த புளியோதரை, ஓர் உருண்டை.

“பிரசாதத்தைக்கூடவா எழுதுவீங்க?” என்றாள் மனைவி.

“வயித்துக்குள்ளதானே போகுது.”

ஆட்டோவைத் தெரு முனையில் நிறுத்தி, சிலிண்டரைத் தோளில் வைத்து நடந்து கொண்டுபோனேன். காலையில் ஒரு மணி நேரம் நடந்தேன். முதல் வாரம் தொண்ணூற்று மூன்று நூறு. இரண்டாவது வாரம் தொண்ணூற்று இரண்டு அறுநூறு. நர்ஸ் சொன்னதும் நான் இறங்காமல் அப்படியே மெஷின் மேல் நின்றேன். பட்டினி கிடந்தபோது அசையாதது, சோறு சாப்பிட்டதும் இறங்கியது. எனக்கு அது இன்றைக்கும் அதிசயம்தான்.

ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, மூன்றாம் மாடிக்குச் சிலிண்டர் ஏற்றி, இறக்கி வைத்து, பெல் அடித்தேன். மாமி கதவைத் திறந்து, “என்ன, இன்னைக்குச் சத்தத்தையே காணோம்?” என்றார். வழக்கமாக நான் வாசலில் நின்று மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டுத்தான் வருவாராம். நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை. மூச்சு அதுபாட்டுக்குப் போய் வந்தது. சுமந்துவந்த சிலிண்டரைப் பார்த்தேன், என்னைப் பார்த்தேன். இத்தனை வருஷம் ஒரு சுமையைத் தோளிலும் இன்னொன்றை வயிற்றிலும் வைத்துத்தான் ஏறியிருக்கிறேன்.

ஒன்பதாவது வாரம் தொண்ணூறு இருநூறு. அக்கா அந்த வாரம் ரொம்ப வீங்கிப் போயிருந்தாள். செருப்பு காலில் ஏறவில்லை.

பத்தாவது வாரம் அதே அறை. நான், அக்கா, மாமா, டயட் மேடம், நர்ஸ். பர்ஸைக் கொடுத்தேன், சாவியைக் கொடுத்தேன், பெல்ட்டையும் கழற்றிக் கொடுத்தேன். “அரைஞாண் இருக்கட்டும் மாப்ள” என்றார் மாமா. ஏறி நின்றேன். கீழே பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த சுவிட்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நர்ஸ் குனிந்தார். டயட் மேடத்தைக் கையால் கூப்பிட்டார். அவரும் வந்து குனிந்து பார்த்தார். பிறகு இரண்டு பேரும் நகர்ந்து அக்காவுக்கு வழி விட்டார்கள்.

அக்கா எழுந்து வந்தாள். ஒவ்வொரு அடியாக வைத்து வந்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி மெதுவாகப் படித்தாள்.

எண்பத்தொன்பது கிலோ எழுநூறு.