பூமிநாதனின் டிராம் விரதம்

மூன்றாம் நம்பர் கல்லருகே ஏறுவதற்கு யாரும் இல்லை. ஓர் ஆடு மட்டும் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. பூமிநாதன் வண்டியை நிறுத்தி, ஒன்றிலிருந்து பத்துவரை வாய்க்குள் எண்ணினார். காருக்குள் பிதுங்கிக்கொண்டிருந்தவர்களும் கூடவே எண்ணினார்கள். இத்தனை நாளில் அவர்களுக்கும் பழகிவிட்டது. பத்து ஆனதும், "ஏறுறவங்க ஏறலாம்" என்று ஆட்டைப் பார்த்துப் பொதுவாகச் சொல்லிவிட்டுக் கிளச்சை மிதித்தார். கிளச்சில் கட்டியிருந்த மாட்டுமணி கணீரென்று அடித்தது. டிராம் புறப்பட்டது.

டிராம் என்றது பூமிநாதனின் கறுப்பு அம்பாசிடரைத்தான். காரைக்காலில் கிளம்பி, திருநள்ளாறு வழியாக அம்பகரத்தூர் வரை ஆள் சேர்த்து ஏற்றிப்போகிற வாடகை வண்டி. பஸ்ஸை நம்பினால் பொழுது போய்விடும் என்று இந்தப் பக்கத்தில் கல்யாணத்துக்கும் கார், காய்ச்சலுக்கும் கார், சனீசுவரனுக்கு எள் விளக்குப் போடவும் கார்தான். இருபத்தாறு வருஷமாக இதே ரோடு. எந்தக் குழி எந்த மழையில் பிறந்தது என்று பூமிநாதன் ஜாதகம் சொல்வார். அவற்றுக்கு நடுவே அவர் வண்டியை ஒடித்து ஓட்டுவதைப் பார்ப்பதற்கென்றே சிலர் முன் சீட்டுக்குச் சண்டை போட்டதுண்டு. மடியில் தயிர்ச்சட்டி வைத்துக்கொண்டு தூங்கலாம் என்பார்கள். அப்படிப்பட்ட மனிதர், ஸ்டீயரிங் வட்டத்தின் மேல் ஈரிழைத் துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டி, அது கண்ணில் படாமல் ஓட்டப் பழகிக்கொண்டிருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு போட்டோ. சர்ச் தெருவில் இருக்கும் கஸ்தோனை, ஐயா என்பதற்குப் பதில் பிரெஞ்சில் முசே என்றுதான் ஊர் கூப்பிடும்; பிரான்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். குடியுரிமையும் அந்த ஊர்தான். அவருடைய தங்கை மகள் ழோசெத் பிரான்சில் நாந்த் நகரத்தில் இருக்கிறாள். எண்பத்தைந்தாம் வருஷம் பிறந்ததும் அங்கே தெருவோடு தெருவாக டிராம் விட்டார்கள். அதன் முன்னால் நின்று எடுத்த போட்டோவை மாமாவுக்கு அனுப்பியிருந்தாள். கஸ்தோன் அதைக் காதர் பாட்சாவின் டீக்கடைக்குக் கொண்டுவந்து காட்டினார். பெருமைக்குக் காட்டியதுதான். டீ ஆறுவதற்குள் கடையில் முடிவாகிவிட்டது. பிரான்சு தன் ஆட்களுக்கு எதையும் பாதி ஊருக்குக் கொடுத்துப் பாதி ஊருக்குக் கொடுக்காமல் விட்டதில்லை. பென்ஷன் வருகிறதா இல்லையா? ஓட்டுச்சீட்டு வருகிறதா இல்லையா? அங்கே டிராம் விட்டால் இங்கேயும் வந்துதானே தீர வேண்டும்? கஸ்தோனுக்கே ஆரம்பத்தில் சந்தேகம் இருந்தது. ஆனால் ஒரு கடை நிறைய ஆட்கள் தன்னிடம் நன்றி சொல்லிவிட்ட பிறகு மறுப்பது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டார்.

அதற்கு மறுவாரமே நாலு பேர் சங்கிலி பிடித்து ரோட்டை அளந்து, ஓரத்தில் மஞ்சள் பெயிண்டால் கோடு இழுத்துவிட்டுப் போனார்கள். எதற்கு என்று கேட்டவர்களிடம் மேலிடத்து உத்தரவு என்றார்களாம். அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை. காதர் பாட்சா தன் பெஞ்சை இரண்டடி பின்னால் தள்ளிப் போட்டார். நகராட்சியை இன்னும் மேரி என்றே சொல்கிற பெரியவர்கள், மேரிக்கு மனு எழுதினார்கள். எல்லா மனுவும் ஒரே மனுதான். டிராம் நிற்கும் இடம் எங்கள் வீட்டு வாசலில் இருக்க வேண்டும். தண்டவாளம் எதிர்வீட்டுப் பக்கம் போக வேண்டும்.

பூமிநாதனுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. டிராம் வந்தால் அவர் வண்டியில் யார் ஏறுவார்கள்? மூன்று நாள் யோசித்துவிட்டு, டிராம் வரட்டும், அதை ஓட்டுவது நாமாக இருப்போம் என்ற முடிவுக்கு வந்தார். கஸ்தோனிடம் போய், டிரைவர் வேலைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ழோசெத்திடம் கேட்டு எழுதச் சொன்னார். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. கஸ்தோன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிரெஞ்சில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை வாசித்தார். ஒன்றும் தெரிய வேண்டாமாம்; நிமிர்ந்து உட்கார்ந்து, நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தினால் போதுமாம். ஏனென்றால் அதில் ஸ்டீயரிங்கே கிடையாதாம்.

"ஸ்டீயரிங் இல்லாம?" என்று பூமிநாதன் கேட்டார்.

"இல்லாமத்தான்."

"அப்ப கையை எங்க வச்சுக்குவாங்க முசே?"

அதை ழோசெத் எழுதவில்லை. கஸ்தோன் கடிதத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

பூமிநாதன் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். இருபத்தாறு வருஷமாக வளைத்த கை. பரீட்சை வைக்கும் அன்றைக்குப் பழக்கதோஷத்தில் எதையாவது பிடித்துத் திருப்பிவிட்டால் வேலை போயிற்று. மறுநாள் அம்பகரத்தூர் காளியம்மன் சன்னதியில் சூடம் ஏற்றி வேண்டிக்கொண்டார். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், தடம் மாறாமல் வண்டி ஓட்டுவது. நடுவில் ஒரு நாள் மாறினாலும் மறுபடி முதல் நாளிலிருந்து.

தடம் என்பது ரோட்டின் இடது ஓரத்திலிருந்து மூன்றடி தள்ளி. ரோடு வளைகிற இடத்தில் தண்டவாளமும் வளையும் என்பதால் அதற்கு அனுமதி உண்டு. கடைசியில் வண்டியைத் திருப்ப அம்பகரத்தூரில் குளத்தைச் சுற்றி ஒரு வட்டம். டிராமுக்கும் அப்படித்தான் என்று பட்டாளத்து நாளில் சைகோனில் தான் பார்த்ததாகக் கஸ்தோன் உறுதி கொடுத்திருந்தார். வழிநெடுகப் பதினோரு கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து நம்பர் போட்டார். கல்லைத் தவிர வேறு எங்கும் வண்டி நிற்காது. குழி வந்தால் குழிக்குள் இறங்கி ஏறும். நாய் படுத்திருந்தால் நாயாகப் பார்த்து எழுந்திருக்க வேண்டும்.

பதினைந்தாம் நாளுக்குள் பாதிப் பேர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். விடாமல் வந்தவர்களில் ஒருத்தி காரைக்கால்மேட்டு மீன்காரி சின்னப்பிள்ளை. டிக்கியில் மீன்கூடையை ஏற்ற வேறு எந்த வண்டிக்காரரும் சம்மதிக்க மாட்டார். இவரும் சனிக்கிழமை ஏற்ற மாட்டார். அன்றைக்குத் திருநள்ளாறு போகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். "முன்னெல்லாம் காருல ஏறுனா தூக்கம் வரும் தம்பி, இப்ப பிரசவ வலி வருது" என்பாள். பூமிநாதன் திரும்ப மாட்டார். ஓடும் டிராமில் டிரைவரோடு பேசக்கூடாது என்று ஒரு அட்டையில் எழுதித் தலைக்கு மேலே தொங்கவிட்டிருந்தார். சின்னப்பிள்ளைக்கு எழுத்து தெரியாது. அதனால் அவள் மட்டும் பேசுவாள்.

நாற்பத்தோராம் நாள் காலை. திருநள்ளாறு தாண்டி ஏழாம் நம்பர் கல்லுக்கும் எட்டாம் நம்பர் கல்லுக்கும் நடுவே, இளையபெருமாளின் மாட்டுவண்டி குறுவை வைக்கோல் பாரத்தோடு அச்சு முறிந்து சாய்ந்து கிடந்தது. சரியாகத் தடத்தின் மேல். ரோட்டின் வலது பாதி துடைத்துவிட்டதுபோலக் காலியாக இருந்தது. பூமிநாதன் வண்டியை நிறுத்தி மணி அடித்தார். மறுபடியும் அடித்தார்.

இளையபெருமாள் வைக்கோலுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, அந்தப் பக்கமாகச் சுற்றிப் போகச் சொன்னார். டிராம் சுற்றிப் போகாது என்று பூமிநாதன் விளக்கினார். இளையபெருமாள் காரைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், பிறகு காருக்குள் இருந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். மாற்று அச்சுக்கு ஆள் போயிருக்கிறது, வர ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டு அவர் வண்டி நிழலில் உட்கார்ந்துவிட்டார்.

முன் சீட்டில் இருந்தவர் மங்கையர்க்கரசி டீச்சர். அன்றைக்குப் பஸ்ஸைத் தவறவிட்டு, வேறு வழியில்லாமல் டிராமில் ஏறியவர். மடியில் ஒரு பழுப்புக் கவர். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்பது முப்பத்தைந்து. அட்டையை வாசித்திருந்ததால் இதுவரை வாய் திறக்காமல் வந்தவர், இப்போது ரோட்டைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"பூமிநாதன், இன்னிக்குப் பத்து மணிக்குள்ள அம்பகரத்தூர் ஸ்கூல்ல வேலைக்குச் சேர்ந்து கையெழுத்துப் போடணும். இதுதான் கடைசி நாள். போடலேன்னா அந்த இடம் வேற ஆளுக்கு. எனக்கு யானாம்."

வண்டிக்குள் ஒரு பெருமூச்சு எழுந்தது. யானாம் என்றால் காரைக்கால் சர்க்கார் உத்தியோகக்காரர்களுக்குத் தண்டனை மாற்றல்; ஆந்திரக் கரையில் தனியாகக் கிடக்கும் புதுச்சேரித் துண்டு. ஒரே ஆட்சி என்று பெயர். போய்ச் சேர ஒரு ராத்திரி ஒரு பகல், இறங்கினால் தெலுங்கு.

"எங்கம்மா என் கை சோத்தைத் தவிர வேற தொடமாட்டாங்க" என்றார் டீச்சர்.

பூமிநாதன் துண்டு சுற்றிய ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது நாள். நாற்பது நாளாக விழுந்த குழிகள் ஒவ்வொன்றும் அவர் இடுப்பில் இருந்தன. இன்னும் எட்டே நாள். காளியம்மனிடம் வாய்விட்டுச் சொன்ன சொல். டீச்சரை இறங்கி நடக்கச் சொல்லலாம், நாலு மைல். வைக்கோலை இறக்கி வண்டியைத் தூக்கச் சொல்லலாம், ஆள் போதாது. அவர் நெற்றியில் வேர்வை அரும்பி, மூக்கு நுனிக்கு வந்து நின்றது.

பின் சீட்டிலிருந்த சின்னப்பிள்ளை இறங்கி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "ஏந் தம்பி, நெசமா கேக்குறேன். அம்மாம் பெரிய ரயிலே ஒரு நேரம் கவுந்து போவுது. உன் டிராமு ஒரு நாளு தடம் புரண்டா சாமி கண்ணைக் குத்திடுமா?"

பூமிநாதன் முதல்முறையாகத் திரும்பி அவளைப் பார்த்தார். தடம் மாறுவது வேறு. அது டிரைவர் செய்கிற தப்பு. தடம் புரள்வது விபத்து. விபத்துக்கு யாரும் பொறுப்பில்லை. வேண்டுதலில் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அவர் முகம் மெல்லத் தெளிந்தது. துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"எல்லாரும் கெட்டியா புடிச்சுக்கங்க" என்றார். "வண்டி தடம் புரளப் போவுது."

அம்பாசிடர் வலது பக்கம் ஒடிந்து, வைக்கோலை உரசாமல் தாண்டி, பறந்தது. வாய்க்கால் மதகருகே இருந்த பெரிய பள்ளத்தை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் விட்டு, எதிரே வந்த எருமைக் கூட்டத்துக்குள் நுழைந்து ஓர் எருமையின் வாலில்கூடப் படாமல் வெளியே வந்தது. எட்டு, ஒன்பது, பத்தாம் நம்பர் கற்களில் நிற்கவில்லை. புரண்ட வண்டி எப்படி நிற்கும்? பூமிநாதனின் கைகள் பசியோடு இருந்தவன் சோற்றில் இறங்கியதுபோல் அந்த வட்டத்தில் விளையாடின. பள்ளிக்கூட வாசலில் நிறுத்தியபோது ஒன்பது ஐம்பத்தொன்று. டீச்சர் கவரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓடினார். சின்னப்பிள்ளை டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு, மீன் ஒன்றும் இடம்கூட மாறவில்லை என்று கூடையைத் தலைக்கு ஏற்றினாள். "விபத்துன்னா இப்படில்ல இருக்கணும்" என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டே போனாள்.

திரும்பும் பயணத்துக்கு ஐந்து பேர் காத்திருந்தார்கள். இந்த வண்டி இன்னும் வந்து சேரவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, புரண்ட வண்டியைப் புரண்ட இடத்திலேயே தடத்தில் ஏற்ற, பூமிநாதன் காலி வண்டியை எடுத்துக்கொண்டு நாலு மைல் பின்னால் போனார். அதற்குள் யாரோ கைகொடுத்து இளையபெருமாளின் வண்டியை ஓரத்துக்கு நகர்த்தியிருந்தார்கள். ரோட்டில் வைக்கோல் மட்டும் சிதறிக் கிடந்தது. புரண்ட இடம் எது என்று கண்டுபிடித்து, காரை முன்னும் பின்னும் நகர்த்திச் சரியாக அங்கே கொண்டுவந்து நிறுத்தினார். இளையபெருமாள் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுவதை விட்டுவிட்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூமிநாதன் இறங்கினார். வண்டிக்கு முன்னால் வந்து, வைக்கோலைக் காலால் ஒதுக்கிவிட்டு, இடது பக்கத் தரையில் குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, தடுக்கிவிடாமல் காலை உயர எடுத்துவைத்து, வலது பக்கத் தண்டவாளத்துக்குப் போனார்.