குங்குமம் வைத்த டார்ஷன் பார்

சேந்தமங்கலத்தில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் மாதேஸ்வரன் சென்ற வாரம் காலமானார். நான் முட்டை லோடு ஏற்றிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி பாப்பாத்தியம்மாள் போனில் சொன்னார்: "உங்க சிநேகிதரு போயிட்டாருங்க. தூக்கத்துலயே." முதல்நாள் மாலைவரை வேலை பார்த்திருக்கிறார். அவர் விரும்பியதும் அதுதான்.

அவரை அறியாதவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

நான் வாங்கிய பழைய காரின் முன்பக்கம் தொங்கிப்போயிருந்தது. சுருள்வில்லுக்குப் பதிலாக, முறுக்கேறி நின்று பாரம் தாங்கும் இரண்டு நீளத் தண்டுகள் அதில் உண்டு. டார்ஷன் பார் என்பார்கள். வேறு ஜோடி பூட்ட ஒப்புக்கொண்டார். வேலை பிடித்தால் என் முட்டை வேன்களையும் அவரிடமே தருவதாகச் சொல்லியிருந்தேன். அப்போதுதான் பட்டறை போட்டவர். அந்த வேன்களைத்தான் நம்பியிருந்தார்.

கார் நிமிர்ந்து வந்தது. மறுநாள் காலை குழந்தைகளோடு கொல்லிமலைக்குக் கிளம்பினால், வாசலில் குறுக்கே நிற்கிறார்.

"சாவியக் குடுங்க. இந்த வண்டி மலைக்கு வேண்டாமுங்க."

"ஏனுங்க, நேத்துதான நல்லாருக்குன்னீங்க?"

"பாரை வலம் இடம் மாத்திப் பூட்டிட்டனுங்க."

இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் முறுக்கேறிப் பழகியவை. மாற்றிப் பூட்டினால் ஓட்டத்தில் ஒடியலாம். அவை வலம் இடம் குறிக்கும் எழுத்து தேய்ந்த பழைய பார்கள் என்பதால், வலப்பக்கத்துக்கு உரியதில் குங்குமம் தொட்டுவைத்திருந்தார். இடையில் ஆயுதபூஜை வந்தது. பாப்பாத்தியம்மாள் எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் பொட்டு வைத்திருக்கிறார். ஏற்கெனவே பொட்டிருந்த பாருக்கு வரும்போது குங்குமம் தீர்ந்துவிட, அதற்கு வெறும் சந்தனம். இவர் குங்குமத்தைப் பார்த்து, இடப்பக்கத்து பாரை வலப்பக்கம் பூட்டிவிட்டார். முந்தின இரவு சோறு போடும்போதுதான் அந்தம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னாராம்.

"சொல்லாம உட்டிருந்தா எனக்கெங்க தெரியும்? வேன் வேலை போயிருமேன்னு நெனைக்கலீங்களா?"

"நெனைச்சனுங்க. அதான் ராத்திரி தூக்கமில்ல. ஆனா மலையேறறது குழந்தைங்களாச்சுங்களே."

"பொட்டு வெச்சவங்க என்ன சொன்னாங்க?"

"அவ மேல தப்பில்லீங்க. நாந்தான் கும்புட்டுட்டே பூட்டிட்டேன்."

கோபத்தோடு நின்ற என் மனைவியே சிரித்துவிட்டார். மதியத்துக்குள் மாதேஸ்வரன் பார்களைக் கழற்றி மாற்றினார். சமதளத்தில் காரை முன்னும் பின்னும் உருட்டி, இருபக்க உயரமும் ஒன்றாக நிற்கும்வரை விடவில்லை. அடுத்த ஞாயிறு மலையேறினோம். முன்சீட்டில் அவரும் இருந்தார், ஒவ்வொரு வளைவிலும் காது கொடுத்தபடி.

போய் வாருங்கள், மாதேஸ்வரன். உங்களால் வழியில் நின்ற வண்டி என்னிடம் ஒன்றுகூட இல்லை.

பட்டறையை ஆள் வைத்து நடத்தப்போவதாகப் பாப்பாத்தியம்மாள் சொன்னார். அவரோடு அன்றே பேசி முடித்தேன். அந்த மலைப் பயணத்துக்குப் பின் மாதேஸ்வரனோடு போட்ட பழைய ஒப்பந்தம்தான்: என் வண்டிகள் எல்லாம் அங்கேதான் வரும், தப்பு நடந்தால் அவர்களே முதலில் சொல்ல வேண்டும், கேட்டுவிட்டு நான் கத்தக் கூடாது. புதிதாகச் சேர்த்தது ஒன்றுதான்: ஆயுதபூஜைக் குங்குமம் என் செலவு.