கொளுத்தச் சொன்ன பதிவு

காலை 7.40. சேலையூரில் ஒரு காலனி வாசலுக்குப் போனதும் கண்ணில் பட்டது மூடியே இருந்த மீன் கூடை. பக்கத்தில் தேசம்மா உட்கார்ந்திருந்தார். கோவளத்திலிருந்து மீன் கொண்டுவந்து அங்கே விற்பவர்.

"இன்னா சார், போன்ல என்னப் பத்தி இன்னான்னமோ எழுதிகினு கீறாங்களாம். ஞாயித்துக்கெழம மீட்டிங் போட்டு என்னத் தொரத்தப் போறாங்களாம்."

நான் அப்போது தாம்பரத்தில் ஒரு வார இதழின் செய்தி ஆசிரியர். நிருபர் திவ்யா காலனி வாட்ஸ்அப் குழுவின் நான்கு ஸ்கிரீன்ஷாட்களைக் கொண்டுவந்தார். மூன்று பதிவுகள் தேசம்மா போன்ற மீனவக் குப்பத்து மக்களைத் திருடர்கள் என்றன. நான்காவது, 'கூடையோடு கொளுத்துங்கள்' என்றது.

"இதுதான் லீட் சார், முதல் பக்கத்துல போடலாம்."

"எழுதினவங்ககிட்ட பேசினியா?"

"கேட்டா டிலீட் பண்ணிடுவாங்க சார்."

"பண்ணட்டும். பதிவை டிலீட் பண்ணலாம், நம்மகிட்ட ஒத்துக்கிட்டதை எப்படி டிலீட் பண்ணுவாங்க?"

எங்கள் டெஸ்கில் ஒரு வழக்கம் உண்டு. பதிவை எழுதியவருக்கே போனில் வாசித்துக் காட்டி, "இது நீங்கள் எழுதியதா?" என்று கேட்போம். மூவர் ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் வங்கி அதிகாரி. "ஆமா, எழுதினேன். அதுக்கென்ன இப்போ?" என்றார். நான்காவது பதிவில் பெயர் இருந்தவர் எங்களை வீட்டுக்கே கூப்பிட்டுத் தன் போனைக் காட்டினார். அப்படி ஒரு பதிவு அதில் இல்லை. குழுவில் இருந்த வேறு இருவரின் போன்களிலும் இல்லை; அழித்த தடமும் இல்லை. யாரோ தயாரித்த படம் அது.

சனிக்கிழமை இதழில் மூன்று பதிவுகளை மட்டும், எழுதியவர்களின் பதில்களோடு வெளியிட்டோம். குழுவில் பெரும்பாலானோர் எதுவும் எழுதவில்லை என்பதையும் சேர்த்தோம். அன்று மாலை ஒரு யூடியூப் சேனல், காலனியே கொளுத்தக் கிளம்பிவிட்டதாக அந்தப் படத்தைக் காட்டியது. திவ்யாவுக்கு என் மேல் கோபம். "நாமதான் சார் கோட்டை விட்டுட்டோம்."

ஞாயிறு கூட்டத்துக்கு இருவரும் போனோம். காலனி சங்கச் செயலாளர் அந்த யூடியூப் வீடியோவை ஓடவிட்டார். "பாருங்க, இது ஃபேக். மீடியா சொல்றது எல்லாமே இப்படித்தான். நம்ம காலனியில யாரும் யாரையும் வெறுக்கல. வாசல்ல மீன் விக்கறதைத் தடுக்கற தீர்மானத்துக்குப் போகலாமா?"

பள்ளி ஆசிரியை ஒருவர் எங்கள் இதழோடு எழுந்தார். "இதுல அந்தப் படம் இல்லையே சார். இதுல இருக்கறதை எழுதினவங்க இங்கதான் உக்காந்திருக்காங்க. இதுவும் ஃபேக்கான்னு அவங்களையே கேளுங்களேன்."

வங்கி அதிகாரி தலை நிமிரவில்லை. "அது நான் எழுதினதுதான்," என்றார். செயலாளர் தீர்மானத்தை வாசிக்கவே இல்லை.

நாற்பது ஆண்டுத் தொழிலில் நான் பெருமையோடு சொல்லிக்கொள்வது, போடாமல் விட்ட அந்தப் படத்தைத்தான். வெறுப்பைப் பற்றி எழுதும்போது ஒரே ஒரு பொய்ச் சான்று சேர்ந்தாலும், உண்மையான மற்றவையும் அதோடு தள்ளுபடியாகிவிடும். இளைய நிருபர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை காலை தேசம்மா அதே வாசலில் சங்கரா மீன் விற்றார்.