கிழக்கு எல்லையை உள்ளே தள்ளச் சொன்னவர்

அவரை நினைத்தால் முதலில் வருவது அவருடைய ஆள்காட்டி விரல்தான். என் கணினித் திரையில், சதுப்பு நிலத்தின் கிழக்குக் கரைமேல், சற்றுமுன் தின்ற வாழைக்காய் பஜ்ஜியின் எண்ணெயோடு அது வந்து பதிந்தது. “இந்தக் கோட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளிடும்மா” என்றார் துணை இயக்குநர். நாற்காலியை நகர்த்திப் போடச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எவ்வளவு தூரம் சார் என்று கேட்டேன். விரலை எடுக்காமலே திரையில் இழுத்துக் காட்டினார். திரையில் அது ஒரு சாண்கூட இல்லை. தரையில் அது மாடுகள் மேய்கிற, கோரை மண்டிக் கிடக்கிற, சுற்றியுள்ள ஊர்களின் மழையெல்லாம் வந்து தங்குகிற பரப்பு.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் அலுவலகம் தேனாம்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருந்தது. கணினி அறைக்குள் போகச் செருப்பைக் கழற்ற வேண்டும். வெயிலில் நடந்து வந்த கால் அந்த ஏசித் தரையில் பட்டதும் சிலிர்க்கும். நிலம், நீர், காடு எல்லாவற்றையும் கணினிக்குள் கொண்டுவருவதுதான் எங்கள் வேலை. காகித வரைபடத்தைப் பெரிய மேசையில் ஒட்டி, அதன் கோடுகள்மேல் ஒரு கருவியை நகர்த்தி நகர்த்தி அழுத்துவோம். ஏரி ஒரு அடுக்கு, மண் ஒரு அடுக்கு, சாலை ஒரு அடுக்கு. அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், எங்கே கிணறு உப்பாகும், எங்கே வெள்ளம் நிற்கும், எங்கே வீடு கட்டக் கூடாது என்பதெல்லாம் கண்முன் தெரியும். அன்றைக்கு அது எனக்கு மந்திரம் மாதிரிதான் இருந்தது. அந்த மந்திரத்தை எனக்குக் கொடுத்தவரும் அவரே. மந்தைவெளியில் ரவிக்கை தைத்துப் பிழைத்த ஒருத்தியின் மகளை, பேசுகிற ஆங்கிலத்தைப் பார்க்காமல், போடுகிற கோட்டைப் பார்த்து வேலைக்கு எடுத்தார். வெளியூர் அதிகாரிகள் வந்தால் என் மேசைக்கு அழைத்து வந்து, “எங்க ஆபீஸ்லயே சுத்தமான கை இவளோடதுதான்” என்பார். கூச்சமாகவும் இருக்கும், வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லாமல் இருக்கவும் முடியாது. அதனால்தான் அவர்மேல் எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபமாக இல்லாமல் போயிற்று என்று நினைக்கிறேன்.

கோட்டைத் தள்ள நான் ஒப்பவில்லை. செயற்கைக்கோள் படத்தில் அந்த இடம் தண்ணீராகத்தானே தெரிகிறது சார் என்றேன். சிரித்தபடி போய்விட்டார். அடுத்த வாரம் என் பக்கத்து மேசைக்காரர் எல்லையைத் தள்ளிக் கொடுத்தார். தள்ளியதால் வெளியே விழுந்த இடத்தில் வீட்டுமனைத் திட்டம் ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. மனைகளை விற்றவர் அதற்குமுன் எங்கள் அலுவலகத்துக்கு அடிக்கடி வருவார். துணை இயக்குநரின் அறைக்கதவு அப்போதெல்லாம் சாத்தியிருக்கும். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதப் போவதில்லை.

சதுப்புக்கு மேற்கே நெல் போட்டிருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. மழைநீர் போய்ச் சேர இடமில்லாமல் எங்கள் வயலில் நிற்கிறது என்று மனு கொடுத்தார்கள். எங்கள் அலுவலகத்திலிருந்து வெளியே போன பழைய படத்தில் சதுப்பு பெரிதாகவும் புதிய படத்தில் சிறிதாகவும் இருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். விசாரணை வந்தது. என்னைக் கூப்பிட்டு ஓரமாக நிற்கவைத்துவிட்டு, எல்லோர் முன்னிலையிலும் துணை இயக்குநர் சொன்னார்: “பொண்ணு புதுசு சார். மழைக்காலத்துப் படத்தைப் பார்த்து, தேங்கின தண்ணியெல்லாம் சதுப்புன்னு நினைச்சு வரைஞ்சிட்டா. கை தவறிடுச்சு. நான்தான் அப்புறம் பார்த்துத் திருத்தினேன்.” நான் வாயைத் திறந்தேன். “நீ இரும்மா, உன்னை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க” என்று எனக்குப் பரிந்து பேசுகிறவர்போலக் கையமர்த்தினார். அதிகாரிகள் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த இரக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை.

அதற்குப்பின் என்னைக் கணினி அறையிலிருந்து எடுத்து, படங்களைச் சுருட்டி வைக்கிற அறைக்கு அனுப்பினார்கள். படங்களை நகலெடுக்கும் அம்மோனியாவின் நெடியில் கண் எரியும். அழுதாலும் யாருக்கும் தெரியாது என்பது ஒரு வசதி. வீட்டில் அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “இன்னாடி, தெனமும் மூஞ்சிய இப்படி வெச்சிகினு வர?” சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அவன சும்மா வுடாத” என்றாள். வேலையை விட்டுவிடு என்று சொல்லவில்லை. நானும் விடவில்லை. விட்டுப் போயிருந்தால் கை தவறிய பெண்ணாகவே போயிருப்பேன். ஒவ்வொரு நாளும் அவருக்கு வணக்கம் சொன்னேன். சொல்லும்போதெல்லாம் மனசுக்குள் அவரை எங்கே, யார் முன்னால் நிறுத்துவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், மயிலாப்பூர் வந்தது தெரியாமல் அந்த ஒத்திகை ஓடும்.

தொண்ணூறுகளின் கடைசியில் கணினி தெரிந்த எல்லோரும் அமெரிக்கா போய்க்கொண்டிருந்தார்கள். பக்கத்து மேசைக்காரரும் விசா வந்து போய்விட்டார். அடையாறில் ஒரு பெரிய கூட்டத்தில் துணை இயக்குநர் பேச வேண்டிய நேரம் அது. தென்சென்னையின் நீர்வளத்தைக் கணினி எப்படிக் காப்பாற்றுகிறது என்பது தலைப்பு. அரசுச் செயலர் அம்மையார் தலைமை. துணை இயக்குநருக்குப் பணி நீட்டிப்பு கிடைப்பது அந்தப் பேச்சில்தான் இருந்தது. ஆனால் அவருக்கு ஒரு அடுக்கைக்கூடத் தானாகத் திறக்கத் தெரியாது. என் அறை வாசலுக்கே வந்தார். “வாம்மா, நீதான் ஓட்டணும். பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதே” என்றார். சரி சார் என்றேன்.

கூட்டத்துக்குப் படங்களைத் தயார் செய்யும்போதுதான் அது கண்ணில் பட்டது. வேறொரு வேலைக்காக, மரங்களைக் கணக்கிட, பின்னால் வாங்கிய செயற்கைக்கோள் படம். மனை போடுவதற்கு முந்திய வருடத்து மே மாதப் படம். விசாரணை நடந்தபோது அது எங்களிடம் இல்லை. திறந்தேன். கத்திரி வெயிலில், ஊரெல்லாம் குடத்தோடு அலைந்த மாதத்தில், சதுப்பு கறுப்பாகத் தண்ணீரோடு கிடந்தது. நான் வரைந்த என் பழைய எல்லையை அதன்மேல் வைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. அறையில் தனியாக இருந்தேன். சிரித்தேன். அவ்வளவு வெறுப்போடு அதற்குமுன் நான் சிரித்ததில்லை.

கூட்டத்தில் அவர் நன்றாகவே பேசினார். சதுப்பு நிலம் வந்தது. “எங்க எல்லை துல்லியமானது. மழைத் தண்ணியையும் நிரந்தரத் தண்ணியையும் பிரிச்சுப் பார்த்துப் போட்டது” என்றார். நான் மே மாதப் படத்தை அடியில் வைத்தேன். அவருடைய கோட்டுக்கு வெளியே தண்ணீர் கறுப்பாக விரிந்தது. மேலே வீட்டுமனைகளை வைத்தேன். சிவப்புக் கட்டங்கள் வரிசையாகத் தண்ணீருக்குள் நின்றன. அவர் திரைக்கு முதுகு காட்டிப் பேசிக்கொண்டே இருந்தார். முன்வரிசை அமைதியாகிவிட்டதைப் பார்த்த பிறகுதான் திரும்பினார்.

செயலர் அம்மையார் அவரைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டார். “இது எந்த மாசத்துப் படம்மா?”

“மே மாசம் மேடம்.”

“மே மாசத்துல ஏது மழை?”

“அதைச் சார்தான் சொல்லணும் மேடம்.”

 துணை இயக்குநர் தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். அந்த மௌனத்தை நான் ஒவ்வொரு வாயாக ருசித்துக் குடித்தேன் என்று சொன்னால் மிகையில்லை. மறுபடி விசாரணை வைத்தார்கள். பணி நீட்டிப்பு போயிற்று. ஓய்வுபெற விடாமல் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். மிச்சமிருந்த மனைகளில் கட்டத் தடை வந்தது. ஏற்கெனவே எழுந்த வீடுகளை யாரும் தொடவில்லை.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மந்தைவெளியின் அந்த ஒண்டுக்குடித்தனச் சந்தில் விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. அம்மா துணிகளை ஒதுக்கி, அவருக்கு ஸ்டூலைப் போட்டாள். பெண்ணுக்கு நிச்சயமாகியிருக்கிறது என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், “வேற வருஷத்துப் படத்தை மாத்தி வெச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. கை தவறிடுச்சுன்னு சொன்னா போதும். உன்னை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க” என்றார்.

அதே வார்த்தைகள். சொன்னது அவருக்கே உறைக்கவில்லை.

“என் கை எப்பவுமே தவறல சார்” என்றேன். “காபி சாப்பிட்டுட்டுப் போங்க.”

காபி சாப்பிடாமலே எழுந்து போனார். அவர் சந்து திரும்புகிறவரை அம்மா வாசலில் நின்று பார்த்தாள். “பாவம்டி, பொண்ணு கண்ணாலம்ங்கிறான். சொல்லித் தொலையேன்” என்றாள். சும்மா விடாதே என்று சொன்ன அதே அம்மா. எனக்குப் பாவமாக இல்லை. அந்தப் பெண்ணின் கல்யாணம் நடந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதில் எனக்கு வருத்தமுமில்லை, நிம்மதியுமில்லை. அவர் சில வருடங்களுக்குமுன் இறந்தார். பழைய அலுவலக நண்பர்கள் என்னையும் அழைத்தார்கள். நான் போகவில்லை.

செத்தவர்மேல் என்ன கோபம் என்று கேட்கிறார்கள். அன்று கட்டி முடித்த வீடுகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. கடன் வாங்கி, நம்பி வாங்கியவர்கள். ஐப்பசியில் மழை பிடித்தால் அந்தத் தெருக்களில் இடுப்பளவுத் தண்ணீரில், குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு, யாரோ ஒருவர் கதவைப் பூட்ட முடியாமல் பூட்டிக்கொண்டிருப்பதைத் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். அவர்களுக்கு அவர் பெயர் தெரியாது. அக்கம்பக்கத்தார்மேலும் மாநகராட்சிமேலும் வருணபகவான்மேலும் கோபப்படுகிறார்கள். யார்மேல் கோபப்பட வேண்டும் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதை நான் எப்படி விட முடியும்?